கண் எடுக்காத கல்யாணம்

கோணக்கரைப்பட்டியில் ஆட்டுத் தரகர் செவத்தையாவின் மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பது ஒரு நம்பிக்கைதான். பார்த்தவர் எவருமில்லை. தாலி கட்டிய நேரத்தில் இருநூறு தலையும் செல்போனுக்குள் கவிழ்ந்து கிடந்தன. பெண்ணைப் பெற்றவள் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிக்கொண்டிருந்தாள். செவத்தையாவே ஒரு கிடாய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தார்.

அதனால் இளையவள் பொன்மயில் கல்யாணத்தன்று பந்தல் வாசலில் செவத்தையா அண்டாவோடு நின்று, வந்தவர்கள் போனையெல்லாம் பிடுங்கி அதற்குள் போட்டார்.

"இந்தா பாருங்கடா! ஏழரை வரைக்கும்தான் முகூர்த்தம். விட்டா தை மாசம். தாலி கட்டி முடியிற வரைக்கும் எவன் கண்ணும் தாலியை விட்டு நகரக் கூடாது. நகர்ந்தா பந்தி கிடையாது. மாப்பிள்ளைக்கும் கிடையாது!"

மூன்று வகைப் பாயாசம் என்று செய்தி பரவியிருந்ததால் ஊர் நடுங்கிப்போனது.

"கண்ணைச் சிமிட்டலாமா மச்சான்?" என்றான் மைத்துனன் முக்கையா.

"ஒவ்வொரு கண்ணா சிமிட்டித் தொலைங்கடா!"

அப்படியே செய்தார்கள். இருநூறு பேர் மணவறையைப் பார்த்து மாறி மாறிக் கண்ணடித்தார்கள்.

சபையோர் தொட்டு ஆசீர்வதிக்க, தேங்காய்மேல் தாலியை வைத்துத் தட்டை முக்கையாவிடம் கொடுத்தார் பூசாரி. முக்கையா தாலியையே பார்த்தபடி நடந்தான். வழியைப் பார்க்க ஏது கண்? பந்தலைத் தாண்டிப் போய்விட்டான். தாலி போனால் கண்ணும் போகணுமே! சபை எழுந்து பின்னால் போனது. மேளம் போனது. மாப்பிள்ளை சங்கிலி போனான். பொன்மயில் பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனாள்.

அண்டாவுக்குக் காவலிருந்த செவத்தையா திரும்பிப் பார்த்தால், பந்தலில் ஒரு நாய் மட்டும் இருந்தது. தலைதெறிக்க ஓடினார். ஊர்க்கோடியில், தென்னந்தோப்புக்கு எதிரே, மைல்கல்லில் கால் இடறி முக்கையா நின்றிருந்தான். மணி ஏழு இருபத்தைந்து.

"மாப்ளே, இங்கேயே கட்டுடா!"

சங்கிலி யோசித்தான். "கட்டலாம் மாமா. ஆனா முடிச்சு பின்கழுத்துல, தாலி முன்கழுத்துல. முடிச்சைப் பாத்தா கண்ணு தாலியை விட்டுப் போயிரும். பாயாசம்?"

"நியாயமான கேள்வி" என்றார் பூசாரி. "ரெண்டும் ஒரே பார்வையில தெரியிற மாதிரி சின்னதா ஒண்ணு வேணும்."

"எதுலயாவது கட்டித் தொலைங்கடா!"

செவத்தையா கத்தி முடிப்பதற்குள் சங்கிலி தேங்காயைச் சுற்றி மூன்று முடிச்சும் போட்டுவிட்டான். கெட்டிமேளம் முழங்கியது. அட்சதை விழுந்தது.

"அப்பா, அப்ப நான் எதுக்கு வந்தேன்?" என்றாள் பொன்மயில்.

"அவுருடா அதை!"

"கட்டின தாலியையா?" சங்கிலி தேங்காயை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"வேணும்னா பொன்மயிலை ரெண்டாந்தாரமா கட்டலாம். மூத்தவ சம்மதிக்கணும்" என்றார் பூசாரி.

எல்லாரும் தேங்காயின் முகத்தைப் பார்த்தார்கள்.

"வாயே தெறக்கலையே. அழுத்தக்காரி" என்றான் முக்கையா.

செவத்தையாவுக்குப் பொறுக்கவில்லை. தேங்காயைப் பிடுங்கி மைல்கல்லில் ஓங்கி அடித்தார். இரண்டாகப் போனது. "இப்பக் கட்டுடா என் மகளுக்கு!"

பெண்கள் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். சங்கிலி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"மொதல்ல பொறந்த வீட்டுக்குச் சொல்லணும்" என்று விம்மினான் முக்கையா.

மொத்தக் கூட்டமும் எதிர்த் தோப்புக்குள் பாய்ந்தது. பெற்ற மரம் எதுவென்று தெரியாததால் இருந்த மரத்தையெல்லாம் கட்டிப்பிடித்து அழுதார்கள். செவத்தையா ஒவ்வொருவராகப் பிய்த்து எடுத்துக்கொண்டிருந்தபோது, உச்சியிலிருந்து ஒரு தேங்காய் நெற்று பொத்தென்று சங்கிலி காலடியில் விழுந்தது.

சங்கிலி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "பெரிய மனசுக்காரங்க. மச்சினியைக் குடுக்குறாங்க."

பெண் வீட்டாரே முன்வந்து கொடுத்ததால் பூசாரி மறுக்காமல் நெற்றுக்குக் கட்டத் தாலியை எடுத்துக் கொடுத்தார். மணி ஏழு இருபத்தொன்பது. முகூர்த்தம் தப்பவில்லை.