வாசலோரப் பாய்

இருட்டின பிறகு வராந்தாவிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கிர்ர்ரென்று இழுத்தது. நின்றது. மறுபடியும் கிர்ர்ர்.

சகாயராணி பாயிலிருந்து ஒரே எட்டில் வெளியே வந்துவிட்டாள். சைக்கிள் பந்தயத்துக்கு வந்தவர்களுக்குப் பள்ளிக்கூடத்து அறைகளை ஒதுக்கியிருந்தார்கள். அவள் கதவோரத்தில்தான் படுத்திருந்தாள். கதவும் சும்மாதான் சாத்தியிருந்தது.

வராந்தாவில் பியூலா மிஸ் சகாயராணியின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சக்கரத்தைக் கையால் சுழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். பயிற்சி தருபவள் பியூலா. ஆனால் சகாயராணியைவிட நாலு வயது இளையவள். இவள் அவளை மிஸ் என்பாள், அவள் இவளை அக்கா என்பாள்.

"என்ன மிஸ், ரிப்பேரா?"

"சைக்கிள்ல ஒண்ணும் இல்லக்கா. மிதிக்கும்போது இது சத்தம் போடாது. மிதிக்கிறத விட்டாத்தான் போடும். சாயந்தரம் நீங்கல்லாம் ஓட்டிப் பாக்கும்போது கண்ண மூடிட்டு ஓரமா நின்னு கேட்டேன். தெரு முக்குல திரும்பும்போது எல்லாருமே ஒரு நொடி மிதிக்கிறத விடுவாங்க. உங்களுது மட்டும் நீளமா இழுத்துச்சு."

காலையில் பந்தயம். நாலு தெருவைச் சுற்றி ஒரு கிலோமீட்டர், முப்பது சுற்று. முதல் மூன்று பேருக்குத்தான் மாநில அணி. சகாயராணி முதல் வருஷம் ஏழாவது, போன வருஷம் ஐந்தாவது. கிளப் சைக்கிளை ஒருத்திக்கு மூன்று வருஷம்தான் தருவார்கள். நாளையோடு சரி.

"கடைசிச் சுற்றுல எந்த இடத்துல பாயணும், அத மட்டும் சொல்லுங்க மிஸ்."

"பாயறதுக்குக் கால்ல என்ன மிச்சம் இருக்கும்?"

சகாயராணி குனிந்து தொடையைப் பிடித்துவிட்டாள். கால் இப்போதே கனத்துக் கிடந்தது.

"ஏன் எப்பவும் கூட்டத்துக்குப் பின்னாலயே ஓட்டுறீங்க?"

"முன்னால யாராச்சும் விழுந்தா ஒதுங்கிக்கலாம். பிள்ளைக்கு ரெண்டு வயசு மிஸ். நான் முழுசா வீடு போய்ச் சேரணும்."

"முன்னால போறவ முக்குல கொஞ்சமாத்தான் மெதுவாகுறா. ஒவ்வொருத்தரா பிரேக் போட, கடைசியில இருக்கிற நீங்க அனேகமா நின்னே போயிடுறீங்க. அப்புறம் விழுந்தடிச்சுப் போய்ப் பிடிக்கிறீங்க. சுற்றுக்கு நாலு தடவ. ஜெயிக்கிறவளவிட நீங்கதான் அதிகம் மிதிக்கிறீங்க."

"தெரியுது மிஸ். ஆனா முன்னால போனா நெஞ்சு படபடங்குது."

பியூலா சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினாள்.

"நேத்து ராத்திரி தூங்கினீங்களா?"

"எங்க. பிள்ளைக்குக் காய்ச்சல்னு ஃபோன் வந்தா ஓடணும்ல. அதான் கதவோரம். யாரு நடந்தாலும் எழும்பிடுறேன்."

"ஃபோன் வந்துச்சா?"

"இல்ல. வாட்ச்மேன் நாலு தடவ தண்ணி குடிக்கப் போனாரு."

பியூலா சிரித்துவிட்டாள். சைக்கிளை நிமிர்த்தி உள்ளே கொண்டுபோய்ச் சாய்த்தாள். சகாயராணியின் பாயைச் சுருட்டி எடுத்து, எதிர்ச்சுவரை ஒட்டி விரித்தாள். ஃபோனைத் தலையணைக்கு அடியில் வைத்தாள்.

சகாயராணி வாசலிலேயே நின்றாள்.

"அப்போ நாளைக்கு நான் எந்த இடத்துல ஓட்டணும், மிஸ்?"

"கதவோரத்துல இல்ல. தாழ்ப்பாளப் போட்டுட்டு வாங்கக்கா."

துருப்பிடித்த தாழ்ப்பாள். சகாயராணி கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே வந்து கதவை மூடி, தாழ்ப்பாளை இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளினாள். அது முனகிக்கொண்டே போய் விழுந்தது.