ஏழை யாரென்று பார்க்கப் போன கரடி

மேற்கு மலைக் காட்டில் பேச்சி என்றொரு கரடி இருந்தாள். முதுகில் ஒரு குட்டி, மனசில் ஒரு பெருமை. இரண்டையும் இறக்கி வைக்க மாட்டாள். குட்டியைச் சுமப்பது கரடிகளின் வழக்கம். பெருமையைச் சுமந்ததற்குக் காரணம், அவள் படித்தவள்.

அந்தக் காட்டில் படிப்பு என்றால் ஊற்றுப் படிப்புதான். கோடையில் காட்டாறு வறண்டுவிடும். மணலுக்கு அடியில் தண்ணீர் இருக்கும். எங்கே தோண்டினால் அது கிடைக்கும், எப்படித் தோண்டினால் குழி சரியாது என்பதைப் பெரியநாயகி என்ற யானை மருதமரத்தடியில் கல்லூரி வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். கோடை பிறந்ததும் தன் கூட்டத்தோடு மலைக்கு அந்தப் பக்கம் போய்விடுவாள். கல்லூரியில் சேர ஒரு குவியல் விளாம்பழம் கொண்டு வர வேண்டும். யானைக்கும் வயிறு இருக்கிறதல்லவா?

பேச்சி ஒரு காலத்தில் மரமேறிப் பழம் உலுக்கிக் கொடுத்துச் சேர்ந்தவள். பழத்தைக் கொடுத்தாயிற்று, படிப்பு தானாக வந்துவிடும் என்று நினைத்து, பாடம் நடந்தபோதெல்லாம் தூங்கினாள். மற்றவர்களுக்கு அது தெரியாது என்பதால் அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளோடு படித்த குரங்குகள்தான் வருடாவருடம் குழி தோண்டிக் காட்டின் தாகத்தைத் தீர்த்தன. இந்த வருடம் அவையும், அடிவாரக் கோயிலில் தேங்காய்மூடி நிறையக் கிடைக்கிறது என்று கேள்விப்பட்டு ஊருக்குள் குடியேறிவிட்டன.

அடுத்த கோடைக்கு யார் தோண்டுவது? காடு கூட்டம் போட்டது.

முள்ளம்பன்றி சுடலை முதலில் எழுந்தது. "வாத்தியாரம்மா, எங்களுக்கு மரமேறத் தெரியாது. பழத்துக்கு நாங்க எங்க போவோம்? படிப்ப எல்லாருக்கும் சும்மா குடுங்க."

"குடுக்கலாம் சுடலை. என் வயித்தையும் யாராவது நினைச்சுக்கிட்டா போதும்" என்றாள் பெரியநாயகி.

பேச்சிக்குப் பொறுக்கவில்லை. "நான் மரத்துலேருந்து விழுந்து இடுப்ப ஒடிச்சிக்கிட்டுப் படிச்சேன். இவன் மட்டும் நோகாம நொங்கு திங்கணுமா?"

"நீங்க விழுந்தீங்கங்கிறதுக்காக எல்லாரும் விழணுமா மதினி?"

"ஆமா" என்று சொல்லிவிட்டாள் பேச்சி. சொன்ன பிறகுதான் அது அவ்வளவு அழகாக இல்லை என்று பட்டது. உடனே குரலைக் கனமாக்கிக்கொண்டாள். "ஏழைக்குச் சும்மா குடுக்கலாம். இருக்கப்பட்டவனுக்கு எதுக்கு? புலிக்கும் சும்மாவா?"

நியாயம்தானே என்று எல்லோரும் தலையாட்டினார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. படித்தவள் என்பதால், யார் ஏழை என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பும் பேச்சியின் தலையிலேயே விழுந்தது.

அவள் மூளையைக் கசக்கி ஒரு விதி செய்தாள். வீட்டில் எதையாவது சேர்த்து வைத்திருப்பவர் பணக்காரர், ஒன்றும் இல்லாதவர் ஏழை. கரடிகள் கண்ட இடத்தில் கண்டதைத் தின்றுவிடும். சேர்த்து வைக்கும் பழக்கமே கிடையாது. ஆகவே அவள் குட்டிக்குச் சும்மா இடம் கிடைத்தது. அது தற்செயல் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தான் சொன்னதை அவள் எப்போதுமே நம்பிவிடுவாள்.

மறுநாள் வீடு வீடாகப் போனாள். சுண்டெலியின் வளையில் ஒரு பிடி சாமை இருந்தது. பணக்காரி! சுடலையின் பொந்தை எட்டிப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே எலும்புக் குவியல்.

"எலும்பே இத்தனைன்னா, கறி எவ்வளவு தின்னிருப்பே?"

"நாங்க கிழங்கு திங்கிறவங்க மதினி. எங்களுக்குப் பல்லு வளந்துக்கிட்டே இருக்கும். தேய்க்கிறதுக்காகக் கடிக்கிற எலும்பு இது. காட்டுல கிடந்ததப் பொறுக்கினது."

"எலும்பு இருக்கா, இல்லியா? அத மட்டும் சொல்லு."

"இருக்கு."

"அப்ப நீ பணக்காரன். பழத்தோட வா."

கடைசியாகப் புலியின் குகைக்குப் போனாள். துடைத்து வைத்த மாதிரி வெறுமையாக இருந்தது. புலி கொட்டாவி விட்டது. "இன்னிக்குக் கிடைச்சா உண்டு, நாளைக்கு இல்ல. நம்மகிட்ட என்னம்மா இருக்கு?"

பேச்சிக்குக் கண் கலங்கியது. பாதி இரக்கத்தால், மீதி அந்தக் கொட்டாவியை அவ்வளவு பக்கத்தில் பார்த்ததால். விதி விதிதான் என்று, காட்டிலேயே பரம ஏழை புலி என அறிவித்துவிட்டு வேகமாக நடந்தாள்.

கல்லூரி திறந்தது. புலி வந்து முன்வரிசையில் உட்கார்ந்தது. பழம் கொடுத்துச் சேர்ந்திருந்த மரநாயும் மலையணிலும் மரத்தை விட்டு இறங்கவே இல்லை. குட்டிக்குத் தலைவலி என்று சொல்லிப் பேச்சி அதைத் தூக்கிக்கொண்டு நழுவினாள். புலி ஒரு தூக்கம் போட்டு எழுந்தது. "குழிய எவனாவது தோண்டட்டும், நான் குடிச்சிக்கிறேன்" என்று உள்ளதைச் சொல்லிவிட்டுப் போய்விட்டது. மாணவர் யாரும் இல்லாத கல்லூரியை மூடிவிட்டுப் பெரியநாயகி அந்த வருடம் சீக்கிரமே மலை ஏறினாள்.

கோடை வந்தது. ஆறு காய்ந்தது. காடு முழுவதும் பேச்சியின் முன்னால் வந்து நின்றது.

"படிச்சவங்க நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. தோண்டுங்க மதினி" என்றது சுடலை.

தூங்கிவிட்டேன் என்று இப்போது எப்படிச் சொல்வது? பேச்சி ஆற்றின் நடுவே போய் நின்றாள். நாலு திசையும் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள், பெரியநாயகி மாதிரியே தலையை ஆட்டினாள். ஆட்டியது அத்தனையும் சரி. பிறகு தோண்டினாள். மணல் சுட்டதே தவிர ஈரம் வரவில்லை. இன்னும் ஆழமாகத் தோண்டினாள். பக்கத்து மணல் மொத்தமாகச் சரிந்து அவளைக் கழுத்துவரை மூடியது. படித்த தலை மட்டும் வெளியே தெரிந்தது.

குட்டி ஓடி வந்து அவள் மூக்கை நக்கியது. அதன் நாக்கு மரப்பட்டை போலக் காய்ந்திருந்தது. அழுதது, சத்தம் வரவில்லை. அப்போதுதான் பேச்சிக்கு நிஜமாகவே பயம் வந்தது. குட்டிக்கு ஒரு வாய் தண்ணீர் தர இந்தக் காட்டில் ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் போகும்படி வீடு வீடாகப் போய்ப் பாடுபட்டவளும் அவளேதான். மண்ணுக்குள் இருந்தபடி தன்னை நினைத்து அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

சுடலைதான் மளமளவென்று மணலைப் பறித்து அவளை வெளியே எடுத்தது.

"இவ்வளவு நல்லாத் தோண்டுறியே" என்றாள் பேச்சி.

"தோண்டத் தெரியும் மதினி. எங்க தோண்டணும்னுதான் தெரியாது. அதுக்குத்தானே படிப்பு கேட்டேன்."

பேச்சி மணலை உதறிக்கொண்டு எழுந்தாள். குட்டியை முதுகில் போட்டுக்கொண்டு மலைக்கு அந்தப் பக்கம் ஓடினாள். பெரியநாயகி கூடவே வந்து ஆற்றோரம் ஒரு குழி தோண்டினாள். குட்டி குடித்துக் கண் திறந்தது.

"வாத்தியாரம்மா, எல்லாருக்கும் சும்மா சொல்லிக் குடுங்க. இனிமே யார் பொந்தையும் நான் எட்டிப் பாக்க மாட்டேன்" என்றாள் பேச்சி.

"புலிக்கும் சும்மாவா?"

"அவருக்கும்தான். பாடம் நடக்கிற இடத்துல மட்டும் கொட்டாவி விடக் கூடாது."

"அப்ப என் வயிறு?"

"படிக்க வர்றவங்ககிட்ட கேக்க வேண்டாம். குழியில தண்ணி குடிக்கிறவங்க கொண்டாரட்டும். நிறையக் குடிக்கிறவங்க நிறையக் கொண்டாரட்டும்."

அப்படியே நடந்தது. புலி மூங்கில் குருத்தை வாயில் கவ்விக்கொண்டு வந்த கோலத்தைப் பார்த்துச் சிரித்துவிடாமல் இருக்கக் காடே வாயைப் பொத்திக்கொண்டது. பேச்சி விளாமரம் ஏறினாள். மறுபடியும் விழுந்தாள். இந்தத் தடவை யாரிடமும் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

அடுத்த கோடையில், பெரியநாயகி மலைக்குப் போன பிறகும், ஆற்றோரம் முழுக்கக் குழிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் தண்ணீர் ஊறி நின்றது. பேச்சியின் குட்டி ஒரு குழியில் வயிறு முட்டக் குடித்துவிட்டு நிமிர்ந்தது.

"இது யாரு தோண்டினதும்மா?"

"சுடலை மாமாடா. பணக்காரன்னு சொல்லி நான் விரட்டிவிட்டேனே, அவரு" என்றாள் பேச்சி.

அடுத்தவர் கற்ற கல்வி நம் தாகத்தையும் தீர்க்கும் என்பதால், அவர் படிக்கப் போகும் வழியில் நின்று தகுதி கேட்கிறவர் தன் வாயில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிறார்.