கல்லுக்குள் இருந்த இளவரசி

முன்னொரு காலத்தில் ஓர் அரசருக்கு நங்கை என்று ஒரே மகள். ஏழு வயதில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். அதற்குப் பிறகு அரண்மனையில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. அரசவை விகடகவி ஏகம்பனிடம் யாரும் வேடிக்கை கேட்கவில்லை. அவன் தோளில் ஏறி விளையாடிய குழந்தை அவள்; அவனிடமும் சொல்ல ஒன்றும் இல்லை.

நான்கு மாதம் கழித்து அரசர் சிற்பி கண்டனை வரவழைத்தார்.

"என் மகள் சிரித்தபடி நிற்க வேண்டும். கல்லில் செய்து கொடு. எத்தனை நாள் ஆகும்?"

"ஓராண்டு ஆகும், அரசே."

"தினமும் விடியும்போது அவள் முகம் கொஞ்சம் மறந்துபோயிருக்கிறது. ஓராண்டு கழித்து நீ கொண்டுவந்தால், அது அவள்தானா என்று எனக்கே தெரியாது."

கண்டன்மேல் வெகுநாளாகப் பொறாமை கொண்டிருந்த அமைச்சர் சேந்தனார் எழுந்தார். "கண்டனுடையது தெய்வம் கொடுத்த திறமை என்று நாடே சொல்கிறது. அதற்கு ஓராண்டு எதற்கு, அரசே? கல் உடைப்பது கூலிக்காரன் வேலை. அதைச் சொல்லி நாளைக் கடத்துகிறான்."

துக்கத்தில் இருப்பவருக்கு யார் சொன்னாலும் சரியென்று படும். "பத்து நாள் தருகிறேன்," என்றார் அரசர். "தவறினால் உன் கட்டைவிரல் போகும். எனக்கு உன் திறமை போதும், உழைப்பு வேண்டாம்."

ஏகம்பன் முன்னால் வந்தான்.

"திறமை மட்டும் போதுமா, அரசே?"

"போதும்."

"அப்படியே கொண்டுவருகிறோம்."

பத்தாம் நாள் பட்டுத்துணி போர்த்திய ஒன்று வண்டியில் வந்தது. அரசர் தம் கையாலேயே துணியை விலக்கினார். உள்ளே உளி படாத வெறுங்கல்.

"என்ன இது?" என்று ஏகம்பன் பக்கம் திரும்பினார்.

"தாங்கள் கேட்டது, அரசே. கண்டனின் திறமை. இளவரசி இதற்குள் இருக்கிறார். அவனையே கேளுங்கள்."

கண்டன் கல்லின்மேல் உள்ளங்கையை வைத்தான். "இங்கே நெற்றி, அரசே. இங்கே தலையைச் சாய்க்கிறார்கள். சிரிக்கும்போது இடது கண் கொஞ்சம் சிறுத்துவிடும். பட்டறைக்கு வரும்போது பார்த்திருக்கிறேன்."

அரசர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்தக் கண்ணை அவர் மறந்திருந்தார். கல்லைத் தடவித் தடவிப் பார்த்தார். "எனக்குத் தெரியவில்லையே, ஏகம்பா."

"திறமை மட்டும் இருந்தால் கண்டனுக்கு மட்டும்தான் தெரிவார், அரசே. நாமும் பார்க்க வேண்டுமானால் அவன் உழைக்க வேண்டும்."

பிறகு ஏகம்பன் உளியையும் சுத்தியலையும் சேந்தனாரிடம் நீட்டினான். "கூலிக்காரன் வேலைதானே, ஐயா. நெற்றிப் பக்கம் ஒரு சில்லு எடுங்கள்."

சேந்தனார் தயங்கித் தயங்கி உளியை வைத்தார். சுத்தியலை ஓங்கியதும் அரசர் பாய்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம். அவளுக்கு வலிக்கும்."

சொன்ன பிறகுதான் தாம் சொன்னது அவருக்கே கேட்டது. வெறுங்கல்லைக் காக்கப் பாய்ந்த தம்மை நினைத்துச் சிரித்தார். நான்கு மாதத்தில் முதல் சிரிப்பு. அது முடிவதற்குள் அழுகையாகிவிட்டது.

கண்டனுக்கு வேண்டிய நாளெல்லாம் கிடைத்தது. சேந்தனார் அன்று குனிந்த தலை நிமிராமல் வீட்டுக்குப் போனார். அரசர் தம் பட்டுச் சால்வையை ஏகம்பனுக்குப் போர்த்தினார்.

"பழையபடி ஒரு வேடிக்கை சொல், ஏகம்பா."

ஏகம்பன் வாயைத் திறந்தான். வார்த்தை வரவில்லை.

"அதற்கும் நாளாகும், அரசே," என்றான்.