கெப்பாசிட்டருக்கு டிஸ்சார்ஜ் வாங்கிய கதை

செங்குளத்தூர் தர்ம ஆஸ்பத்திரியில் மின்சார வேலைக்கு மூன்று பேர் இருந்தார்கள். மேஸ்திரி கொம்பையா, மைதீன், சவரிமுத்து. மூவரும் சொன்ன சொல் தட்டாதவர்கள். ஆஸ்பத்திரிக்கு வந்த கஷ்டமெல்லாம் அதனால்தான் வந்தது.

அந்தக் கோடையில் சிறுநீரகம் கெட்டவர்களுக்காகப் பன்னிரண்டு டயாலிசிஸ் மெஷின் வந்து இறங்கியது. ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் ஏற்கெனவே தோசைக்கல் மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. மெஷின்கள் உறை பிரிக்காமல் கிடக்க, நோயாளிகள் வாரம் இரண்டு தடவை பஸ் ஏறி மதுரைக்குப் போய்வந்தார்கள். பெரிய டாக்டர் வைகுண்டராமன் பொறுக்கமாட்டாமல், ஜெசிந்தா என்கிற இன்ஜினியர் அம்மாவை வரவழைத்தார்.

ஜெசிந்தா பவர் ஃபேக்டர் மீட்டரைப் பார்த்தாள். புள்ளி ஏழு இரண்டு.

"வாங்குற கரண்டு முழுசா வேலைக்குப் போகலை. மோட்டாரெல்லாம் ஒரு பங்கைச் சும்மா வாங்கிச் சும்மா திருப்பி அனுப்புது. அந்த வீண் அலைச்சல்லதான் டிரான்ஸ்ஃபார்மர் சுடுது. பவர் ஃபேக்டர் ரொம்பக் கீழே இருக்கு மேஸ்திரி. மேலே தூக்கணும். அந்த அலைச்சலை மிச்சப்படுத்தப் புதுக் கெப்பாசிட்டர் வாங்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் லோடு இல்லாம எந்த மோட்டாரையும் ஓட விடாதீங்க."

"ஆகட்டும்மா" என்றார் கொம்பையா.

அவள் பஸ் ஏறுவதற்குள் வேலை தொடங்கிவிட்டது. இடுப்பு உயரத்தில் இருந்த மீட்டரைக் கழற்றி, கூரையை ஒட்டி மாட்டினார்கள். சவரிமுத்து ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு, "இன்னும் அதே ஏழு ரெண்டுதான் அண்ணாச்சி" என்றான்.

"இப்பத்தானே ஏத்தியிருக்கு. மூச்சு வாங்கட்டும்" என்றார் கொம்பையா.

அடுத்தது லோடு. ஆஸ்பத்திரியில் பெரிய மோட்டார் லிஃப்ட்டுடையது. அது பல நேரம் வெறுமனே ஏறி இறங்குவதை மைதீன் கண்டுபிடித்தான். சமையல்கட்டிலிருந்து ஆறு அரிசி மூட்டையைக் கொண்டுவந்து லிஃப்ட்டுக்குள் அடுக்கினார்கள். மூன்றாம் மாடிக்கு ஸ்ட்ரெச்சர் போக வழியில்லை. பெரிய டாக்டரே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துதான் ரவுண்ட்ஸ் போனார். மத்தியானம் சாப்பாட்டுக்கு அரிசியைக் காணோம் என்று சமையல்காரர் கத்தியபோது, அரிசி நாலாம் மாடிக்கும் தரைத் தளத்துக்குமாகப் பயணத்தில் இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஜெசிந்தா போன் பண்ணினாள். "புது கெப்பாசிட்டர் வெள்ளிக்கிழமை கொண்டு வர்றேன். பழசு வயிறு வீங்கிக் கிடக்குது, கழட்டி வைங்க. ஆனா சுவிட்சை அணைச்சதும் கையை வைக்காதீங்க. உள்ளே கரண்டு தங்கியிருக்கும். டிஸ்சார்ஜ் ஆனப்புறம்தான் தொடணும். அவசரப்பட்டா ஆள் காலி."

சுவிட்சை அணைத்துவிட்டு மூவரும் பேனல் ரூமில் கெப்பாசிட்டர் பெட்டி முன்னால் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"டிஸ்சார்ஜ் யாரு கொடுப்பாங்க?"

"கவுண்டர்லதான் கொடுப்பாங்க. எங்க மாமாவுக்கு அங்கேதான் கொடுத்தாங்க" என்றான் மைதீன்.

கவுண்டரில் இருந்த பிலோமினா தலை நிமிரவில்லை. "அட்மிஷன் போடாம டிஸ்சார்ஜ் எப்படிப் போடறது? பேஷன்ட் பேரு?"

"கெப்பாசிட்டர்."

"கிறிஸ்தவரா?"

சவரிமுத்து யோசித்தான். "எங்க கோயில்ல பார்த்ததில்லை."

"வயசு?"

"பதினொண்ணு."

"என்ன தொந்தரவு?"

"வயிறு வீங்கியிருக்கு. எண்ணெய் கசியுது. கிட்டப் போனா லேசா முனகுவாரு."

பிலோமினாவுக்கு மனசு கரைந்தது. உடனே சீட்டு எழுதி டியூட்டி டாக்டருக்கு அனுப்பினாள். அவர் புதுசாக வந்தவர். ஸ்டெதாஸ்கோப்போடு கிளம்பியவரைக் கொம்பையா கும்பிட்டுத் தடுத்தார்.

"ஐயா, தொட்டுறாதீங்க. தொட்டவங்க செத்துருவாங்க."

டாக்டர் இரண்டடி பின்வாங்கினார். "தொற்று நோயா? என்கிட்ட ஏன் முதல்லயே சொல்லலை? தனி அறையில வைங்க. யாரும் கிட்டப் போகக் கூடாது. வாய் வழியா ஒண்ணும் கொடுக்காதீங்க."

அப்படியே செய்தார்கள். பெட்டிக் கதவில் கேஸ் ஷீட் தொங்கியது. மூவரும் முகமூடி போட்டுக்கொண்டு முறைவைத்துக் காவல் இருந்தார்கள். சவரிமுத்து ஒரு தடவை ஆரஞ்சுப்பழம் வாங்கி வந்து, வாய் வழியாகக் கூடாது என்பது நினைவுக்கு வந்து, தானே தின்றான்.

வியாழக்கிழமை மாலை டாக்டர் வாசலில் நின்றே விசாரித்தார். "எப்படி இருக்கார்?"

"சத்தமே இல்லைங்க. முனகல்கூட நின்னுடுச்சு."

"நல்ல முன்னேற்றம்" என்று டாக்டர் டிஸ்சார்ஜ் எழுதிக் கொடுத்தார்.

சீட்டைப் பெட்டியிடம் காட்டிவிட்டு, கொம்பையா கண்ணை மூடிக்கொண்டு கையை வைத்தார். ஒன்றும் ஆகவில்லை. மூவர் கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது. "படிச்சவங்க சொன்னா அதுல ஒரு அர்த்தம் இருக்குல்ல!" என்றார் கொம்பையா.

வெள்ளிக்கிழமை ஜெசிந்தா வந்து, ஏணியைப் பற்றி ஒன்றும் கேட்காமல், புது கெப்பாசிட்டர்களைத் தன் கையாலேயே மாட்டினாள். மீட்டர் புள்ளி ஒன்பது எட்டுக்கு ஏறியது. டிரான்ஸ்ஃபார்மர் சூடு தணிந்தது. பன்னிரண்டு மெஷினும் ஒன்றாக உயிர் பெற்றபோது, மதுரை பஸ்ஸுக்குப் பை கட்டி வைத்திருந்தவர்கள் பையைப் பிரித்து உட்கார்ந்தார்கள். பெரிய டாக்டர் எல்லோருக்கும் காப்பி வாங்கிக் கொடுத்தார்.

திரும்பிப் போகும் வழியில் ஜெசிந்தாவுக்கு ஒன்று நினைவு வந்தது. லோடு குறையும் நேரத்தில் மீட்டர் ஒன்றைத் தாண்டி மறுபக்கம் போனால் அதுவும் கெடுதல். பஸ்ஸிலிருந்தே போன் போட்டாள். இரைச்சலுக்கு நடுவே ஒரு வரிதான் கேட்டது.

"மேஸ்திரி, ஒண்ணுக்கு மேலே போகக் கூடாது, பார்த்துக்கோங்க!"

கொம்பையா போனை வைத்துவிட்டு மற்றவர்களைப் பார்த்தார்.

"ஒண்ணுக்கு, மேலே போகக் கூடாதாம்."

"அதுக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம் அண்ணாச்சி?"

"தண்ணியும் கரண்டும் ஆகாதுல்லடா. மேலே போனா கீழே இறங்கும். கீழேதானே பேனல் ரூம்?"

மறுநாள் காலை மூவரும், வாட்ச்மேனையும் சேர்த்துக்கொண்டு, மாடிக்கு ஒருவராகக் கழிப்பறை வாசலில் நின்றார்கள். நோயாளிகள் குளுக்கோஸ் பாட்டிலைக் கையில் பிடித்தபடி படி இறங்கினார்கள். தரைத் தளத்து வரிசை மருந்துக் கடை தாண்டி, கேட் வரைக்கும் நீண்டது.

நாலு மணி நேர ஆபரேஷனை முடித்துவிட்டு, பெரிய டாக்டர் மூன்றாம் மாடியில் ஓட்டமும் நடையுமாக வந்தார். கொம்பையா இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றார்.

"வழியை விடுய்யா!"

"மன்னிக்கணும் ஐயா. இன்ஜினியரம்மா உத்தரவு. ஒண்ணுக்கு, மேலே போகக் கூடாது."

டாக்டர் ஒரு காலில் நின்றார். பிறகு மறு காலில் நின்றார். "அப்போ ரெண்டுக்கு?"

கொம்பையா ஒதுங்கி நின்று, மரியாதையாகக் கதவைத் திறந்துவிட்டார்.

"அதைப் பத்தி அம்மா ஒண்ணும் சொல்லலை ஐயா. நீங்க தாராளமாப் போகலாம். ஆனா உள்ளே போய்ப் பேச்சு மாறக் கூடாது."