அணையாத கற்பூரம்

யானைகள் மிகுந்திருந்த காலம் ஒன்றில், வெண்பாறை நாட்டை மகுடவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஒன்று சொல்வான், மாலையில் அதையே மாற்றுவான். ஒருமுறை கோமளம், சிங்காரி என்ற அவனுடைய இரண்டு யானைகளும் ஒரே காய்ச்சலில் படுத்துவிட்டன.

"மருந்தும் கொடுக்கிறோம், மலைக்கோயிலில் பூஜையும் செய்கிறோம். எதனால் குணமாகிறது?" என்று கேட்டான் ராஜா.

மந்திரி ஆவுடையப்பரைக் கண்டாலே ஆகாத சபை அதிகாரி தாண்டவராயர் எழுந்தார். "சோதித்துவிடலாம் மகாராஜா! இரண்டுக்கும் ஒரே மருந்து, ஒரே தீனி. பூஜை மட்டும் ஒன்றுக்கு. இரண்டும் ஒன்றுபோலவே தேறினால் சாமியால் பயனில்லை, கோயிலைப் பூட்டிவிடலாம். மந்திரியார் தினமும் மலையேறும் சிரமமும் மிச்சம்."

சபை சிரித்தது. ராஜாவுக்குப் பிடித்துப்போயிற்று. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் பூஜை சிங்காரிக்கு விழுந்தது. கோமளத்துக்காக யாரும் வேண்டக்கூடாது என்று முரசறைந்தார்கள்.

"மனசுக்குள் வேண்டினால்?" என்றார் மந்திரி.

"அதற்கும் சேர்த்துத்தான் தடை!" என்றார் ராயர்.

சில நாளில் இரண்டு யானைகளும் ஒன்றாக எழுந்து கரும்பு தின்றன. ராயர் பூட்டும் கையுமாகக் கோயில் வாசலுக்கு வந்துவிட்டார். பின்னால் ராஜா. ஊர் ஜனங்கள் கலங்கிப்போய் நின்றார்கள்.

மந்திரி ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றினார். "தடையை எல்லாரும் மதித்திருந்தால்தானே இது சோதனை? கோமளத்துக்காக வேண்டவில்லை என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யும், ராயரே. உமக்குத்தான் சாமி பயமில்லையே."

ராயர் கையை நீட்டினார். சுடரருகே கை நின்றுவிட்டது.

"கோமளமும் பிழைத்து நான் ஜெயித்தால்... பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாக..."

"சாமியால் பயனில்லை என்று காட்ட, சாமியிடமே சிபாரிசா!" என்று யாரோ கத்த, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"சிரித்தது போதும். நான் அணைக்கிறேன்" என்று ராஜா முன்னே வந்தான். அவன் கையும் சுடரருகே நின்றது. சிரிப்பு அடங்கியது.

"சின்ன வயதில் என்னைச் சுமந்தவள் கோமளம். காய்ச்சல் முற்றிய அன்றைக்கு அவள் கண்ணே திறக்கவில்லை. யாரிடம் கேட்டேன் என்றுகூடத் தெரியாது. ஆனால் கேட்டேன்."

பிறகு மெல்லக் கேட்டான்: "அப்படியானால் சாமி இருக்கிறதா, ஆவுடையப்பரே?"

"எனக்கும் தெரியாது மகாராஜா. மருந்தை ஒருத்திக்குக் கொடுத்து, ஒருத்திக்குக் கொடுக்காமல் நிறுத்திப் பார்க்கலாம். வேண்டுதலை நிறுத்தத் தங்களாலேயே முடியவில்லையே."

ராஜா தன் சால்வையை எடுத்து மந்திரிக்குப் போர்த்தினான். கோயில் திறந்தே இருக்கட்டும் என்றான். நூற்றெட்டுத் தேங்காயையும் ராயரே தன் கையால் உடைக்க வேண்டும் என்றும் சொன்னான்.

ஆனால் யாரும் உடனே நகரவில்லை. கற்பூரம் தானே எரிந்து, சாம்பல்கூட மிஞ்சாமல் அடங்கும்வரை ராஜாவும் ராயரும் ஊரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.