சடையர் சுமந்து வந்த மண்

மலைச் சரிவில் ஒரு மடம் இருந்தது. அதை நடத்திய தாயம்மைக்கு நாற்பது வயதுகூட இருக்காது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த சடையருக்கோ அறுபது தாண்டிவிட்டது. பாவம், தியானம் மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை. கண்ணை மூடினால் உருளைக்கிழங்குதான் வந்து நின்றது.

காரணம் இருந்தது. மடத்தின் கிழங்குத் தோட்டம் அவர் பொறுப்பு. சுற்றுவட்டாரப் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு அங்கேதான் வருவார்கள். விளைச்சலோ வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போனது. போன வருஷம் தை முடிவதற்குள் கிழங்கு தீர்ந்துவிட்டது. தட்டோடு வந்து தட்டோடு திரும்பிய பிள்ளைகளின் முகம் இன்னும் அவரைத் தூங்கவிடவில்லை.

அவரும் சும்மா இருக்கவில்லை. எருவைக் கூட்டிப் போட்டார். விதையை மாற்றிப் பார்த்தார். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நூல் பிடித்த மாதிரி நேராக மண்ணை மேடுகட்டிப் பார் பிடித்து, இடையிடையே தண்ணீர் ஓட வாய்க்கால் வெட்டினார். அந்த மலையில் எல்லாரும் செய்வது அதுதான். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். பெய்த மழை பெய்த வேகத்தில் இறங்கிப் போய்விட வேண்டும். சடையர் வெட்டிய வாய்க்காலில் ஒரு சொட்டு நிற்காது. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

விதைக்கிழங்கு ஊன்ற இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. அன்று காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. சடையர் தாயம்மை முன்னால் போய் நின்றார்.

"தாயி, இந்த வருஷமும் கிழங்குக் காடு கைவிட்டுருமோன்னு பயமா இருக்கு. விளைச்சல் கூடணும்னா நான் இன்னும் என்ன செய்யணும்?"

தாயம்மை வாசல் வழியாகச் சரிவைப் பார்த்தார். "நம்ம தோட்டத்து மண்ணு எங்க சடையரே?"

"இந்தா, கண்ணு முன்னாலதான் கிடக்கு."

"அது மலையோட எலும்பு. நான் மண்ணக் கேட்டேன். போய் ஒரு கூடை கொண்டாங்க."

சடையருக்கு ஒன்றும் புரியவில்லை. கூடையை எடுத்துக்கொண்டு, தான் வெட்டிய வாய்க்காலை ஒட்டியே இறங்கினார். செந்நிறத் தண்ணீர் அவரை முந்திக்கொண்டு ஓடியது. அது போய்ச் சேர்ந்த இடம், அடிவாரத்தில் வெள்ளைக்கண்ணு என்பவரின் நிலம்.

அங்கே கால் வைத்தால் கணுக்கால்வரை புதைந்தது. அவரைக்கொடி கொம்பைத் தாண்டிப் படர்ந்திருந்தது. ஓரத்தில் யாரும் ஊன்றாத உருளைச் செடிகள் தளதளவென்று நின்றன. மடத்து விதையை அடையாளம் தெரியாதா சடையருக்கு?

வெள்ளைக்கண்ணு ஓடிவந்து கும்பிட்டார். "எல்லாம் உங்க மடத்துப் புண்ணியம் சாமி. வருஷா வருஷம் எருவோட சேர்த்து மண்ண அனுப்பி வைக்கிறீக."

மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, நன்றியோடுதான் சொன்னார். சடையருக்கு வெட்கமாக இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. ஒரு கூடை மண் வேண்டும் என்று கேட்டார். வெள்ளைக்கண்ணு குவியக் குவிய அள்ளிக் கொடுத்து, தலையில் தூக்கியும் விட்டார்.

ஈர மண் கழுத்தை அழுத்தியது. வழியெல்லாம் ஒரே நினைப்பு. இப்படிக் கூடை கூடையாகச் சுமந்து இந்தச் சரிவை எப்போது மூடுவது? அதுவரை பிள்ளைகள் எதைச் சாப்பிடுவது? மேலே வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கூடையைத் தாயம்மை முன்னால் இறக்கிவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மண்ணப் பார்த்துட்டேன் தாயி. நம்ம காட்டு மண்ணு முழுக்க வெள்ளைக்கண்ணு நிலத்துலதான் கிடக்கு." மூச்சு வாங்கியது. "பாரைச் சரிவுக்குக் குறுக்கால திருப்பினா மண்ணு நிக்கும். அது எனக்கும் தெரியுது. ஆனா தண்ணியும் கூடவே நிக்குமே. கிழங்கு அழுகிப் போச்சுன்னா பிள்ளைங்களுக்கு உள்ளதும் இல்லாமப் போயிரும்."

தாயம்மை அவருக்குக் குடிக்கச் சுக்குத்தண்ணீர் கொடுத்தார். "எந்த வழியா ஏறி வந்தீங்க?"

"குறுக்கும் மறுக்குமா வளைஞ்சு வர்ற பாதையிலதான். நேரா ஏறினா இந்த வயசுல உயிர் போயிரும்."

"நிக்காம வந்தீங்களா?"

"எங்க தாயி! வளைவுக்கு வளைவு நின்னேன். மூச்சு வாங்கிட்டு மெல்ல நகர்ந்தேன்."

தாயம்மை கூடையிலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உதிர்த்துப் பார்த்தார்.

"அத்தனை இடத்துல நின்னு நின்னு நகர்ந்து வந்தீங்களே சடையரே, அழுகியா போயிட்டீங்க?"