முதலாளி வைத்த பொட்டு

ரைஸ்மில் முதலாளி கோதண்டபாணியிடம் நாற்பது வருசத்துக் கார் ஒன்று இருந்தது. ஆயுத பூசையன்று அதற்கு உள்ளும் புறமும் அவரே குனிந்து குனிந்து பொட்டு வைத்தார். வேறு யார் கையும் படக் கூடாதாம். பூசை முடிந்து சக்கரத்தடியில் எலுமிச்சம்பழமும் வைத்தாயிற்று. சாவியைத் திருப்பினால் கார் முனகக்கூட இல்லை.

மில் ஆட்கள் கூடி நிற்க, முதலாளி டிரைவர் சன்னாசியைப் பிடித்துக்கொண்டார். "நேத்து ஓடின வண்டிய என்னடா பண்ணின? இப்பவே ஓடணும், இல்லேன்னா உனக்கு வேலை கெடையாது. ஆனா ஸ்பேனர், திருப்புளி எல்லாம் பூசையில இருக்கு. நாளைக்கு வரைக்கும் ஒண்ணையும் தொடக் கூடாது!"

"சரிங்க முதலாளி. சொம்புத் தண்ணியும் கந்தல் துணியும் பூசையில இல்லியே?"

"இல்லடா!"

சன்னாசி வெந்நீர் வாங்கிவந்து பானெட்டைத் தூக்கினான். ஹாரனும் அடிக்கவில்லை, விளக்கும் எரியவில்லை என்றால் பேட்டரியைத்தானே பார்க்க வேண்டும்? பார்த்தான். கம்பி மாட்டும் குமிழ் இரண்டிலும் கட்டிச் சந்தனம். கவ்வியைக் கழற்றி, அப்பி, அதன் மேலேயே மாட்டியிருந்தது. கவ்விகளைக் கையாலேயே உருவி, வெந்நீரால் கழுவித் துடைத்து, அழுத்தி மாட்டினான். கார் கனைத்துக்கொண்டு கிளம்பியது.

"என்னடா கோளாறு?"

"கரண்டு போற எடத்துல யாரோ சந்தனத்த அப்பிட்டாங்க முதலாளி."

"எந்த மடப்பயடா அது? அவன் இனிமே இந்த மில்லுக்குள்ள இருக்கக் கூடாது!"

மில் ஆட்கள் முதலாளியின் மஞ்சள் விரலையே பார்த்தார்கள். சன்னாசி பணிவாகக் கார் கதவைத் திறந்து பிடித்தான்.

"ஏறுங்க முதலாளி. வீட்டுல கொண்டுபோய் விட்டுடறேன்."